ஏழு இருபதுக்கு வரும் கார்

போன வாரம் நம் ஆபீஸில் புதிதாகப் போட்டிருக்கும் சிக்னல் கண்ட்ரோல் ரூமைப் பார்க்க, ரிட்டையரான என்னை வரச் சொன்னீர்கள். வந்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஜோராக இருக்கிறது. சுவரில் மூன்று பெரிய திரைகள், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நாங்கள் காலமெல்லாம் வெயிலில் நின்று பார்த்ததை நீங்கள் ஏ.சி.யில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

உங்களில் ஒரு தங்கை, சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம், எனக்குக் காபி கொடுத்துவிட்டு ஒரு திரையைக் காட்டினாள். "சார், இந்த ஜங்ஷன்ல குறுக்கு ரோட்ட பாருங்க. ஆளே இல்ல. இத மூடிடலாம்னு எழுதப் போறேன்" என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது. சட்டையெல்லாம் காபி. தலையில் தட்டினீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். "யாரோ உங்கள நெனைக்கறாங்க சார்" என்று ஒரு தம்பி சொன்னான். உண்மையில் நான்தான் ஒருவரை நினைத்துக்கொண்டேன். அத்தனை பேர் எதிரில் சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையை ஊறவைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பயிற்சியில் 'அறநெறி' என்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களாமே. அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த மணி நேரம்! அதில் தூங்காதவன் இருந்தால் அவனுக்கு மாலை போட வேண்டும். எங்கள் காலத்தில் அந்த ஒரு மணி நேரமும் கிடையாது. நான் அந்தப் பாடத்தை நட்டநடு ரோட்டில், வெளியூர் பெரிய மனிதர்கள் வேடிக்கை பார்க்க, மேனேஜரின் எதிரில் படித்தேன்.

எண்பத்தொன்பதில் நம் ஊர் மாவட்டத் தலைநகரம் ஆனது. அந்த வருஷம்தான் நான் எலெக்ட்ரீஷியனாக வேலையில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் சிக்னல் என்றால் ஒரு கம்பம், மூன்று விளக்கு, கீழே ஒரு பெட்டி, பெட்டிக்குள் சுவிட்சு. சுவிட்சைப் போடுவதற்கு ஒரு போலீஸ்காரர். அவ்வளவுதான். வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ்கள் வந்து, வீடுகள் பெருகி, பஸ்கள் ஜாஸ்தியான பிறகு அங்கே ஒரு ஜங்ஷனிலும் அப்படி ஒரு கம்பம் நட்டோம். மெயின் ரோட்டுக்கு ஒரு பக்கம் குடியிருப்பு, மறுபக்கம் ஆபீஸ்களும் பஸ் ஸ்டாப்பும். நடுவில் தடுப்புச் சுவர், அதில் கடப்பதற்கு ஓர் இடைவெளி. என் மானம் போனதும் திரும்பி வந்ததும் அந்த இடைவெளியில்தான்.

அங்கே சுவிட்சு போட்டுக்கொண்டிருந்த ஏட்டையாவுக்கு என் வயதுதான் இருக்கும். வாயில் எப்போதும் ஏலக்காய். பஸ்காரர்களைத் திட்டுவதில் மன்னன். ஆனால் குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு கறுப்புக் குடை வருவது தெரிந்தால் போதும், திட்டிக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு மெயின் ரோட்டுக்குச் சிவப்பைப் போட்டுவிடுவார். அந்தக் குடை கரீம் பாயுடையது.

கரீம் பாய் மனு எழுதுகிறவர். சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு காலும் போய்விட்டது. கையால் பெடல் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டிதான் அவருக்குக் கால், கடை எல்லாம். வண்டியில் ஒரு குடை கட்டியிருப்பார், மடியில் ஒரு பலகை. காலையில் ரோட்டைக் கடந்து ஆபீஸ்கள் பக்கம் புங்கமரத்தடிக்கு வந்தால், கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சனம் அதற்குள் காத்திருக்கும். பட்டா மாறவில்லை, பென்ஷன் நின்றுவிட்டது, பக்கத்துக் கொல்லைக்காரன் வரப்பை வெட்டுகிறான். முழுக்கக் கேட்பார், ஒரே ஒரு கேள்வி கேட்பார், ஒரே பக்கத்தில் எழுதிவிடுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அவரிடம் ஒரு வீம்பு உண்டு. யாரும் வண்டியைத் தள்ளக்கூடாது. ரோட்டின் நடுவில் ஒரு மேடு இருந்தது. அங்கே மூச்சு வாங்க ஏறுவார். இரக்கப்பட்டு யாராவது பின்னால் கை வைத்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல், "கைய எடுங்க" என்பார். நான் ஒருமுறை கை வைத்து, அதைக் கேட்டு, எடுத்திருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து நம் கம்பெனி 'புத்திசாலி சிக்னல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ரோட்டைக் கீறி, அதற்குள் கம்பியைச் சுருளாகப் பதித்து, மேலே தார் பூசிவிடுவோம். அதன்மேல் இரும்பாலான வண்டி வந்து நின்றால் கம்பி உணர்ந்து பெட்டிக்குச் சொல்லும். பெட்டி பச்சை கொடுக்கும். யாரும் வரவில்லை என்றால் குறுக்கு ரோட்டுக்குப் பச்சையே கிடையாது, மெயின் ரோடு நிற்காமல் ஓடும். சுவிட்சு போட ஆள் வேண்டாம். அப்போது நான் சூப்பர்வைசர். மாவட்டத்திலேயே முதல் புத்திசாலி சிக்னல் என் கையால் வரப்போகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் தொடங்கினோம். நம்மூரில் கடப்பாறைக்கே ஆயுதபூஜை போடுகிறவர்கள், கம்ப்யூட்டரைச் சும்மா விடுவோமா? ஏட்டையா சுண்டலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரி சார். பாய் வந்தா யாரு பாக்கறது?"

"கம்ப்யூட்டர் பாக்கும் ஏட்டையா."

"அதுக்குப் பாயத் தெரியுமா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவரை டவுனுக்குள் தேரடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

இனி சொல்லப்போவது என் குற்றம். கூச்சப்படாமல் சொல்கிறேன். முதல் வாரத்தில் அந்தக் கம்பி சைக்கிள் வந்தாலும் பச்சை கொடுத்தது. ஒரு பால்காரர் சைக்கிளுக்காக நான்கு பஸ் நிற்கிறதே என்று மேனேஜர் சென்னையிலிருந்து போனில் கத்தினார். நான் பெட்டியைத் திறந்து ஒரு திருகைத் திருகி, கம்பியின் காதை மந்தமாக்கிவிட்டேன். அதற்குப் பிறகு கார், வேன், ஆட்டோ வந்தால்தான் அதற்குக் கேட்கும். சைக்கிள் கேட்காது. மூன்று சக்கர வண்டி கேட்காது. நடக்கிறவர்கள் திருகுவதற்கு முன்பும் கேட்கவில்லை, பின்பும் கேட்கவில்லை. அரை நிமிஷ வேலை. யாரையும் கேட்கவில்லை, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாருக்குப் பச்சை, யாருக்கு இல்லை என்பதை அன்றைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரால் நான் தீர்மானித்துவிட்டேன் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஆபீஸ்கள் பக்கம் இட்லிக்கடை வைத்திருந்த அஞ்சலையம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். குடியிருப்பில் வீடு, எதிர்ப்பக்கம் கடை. தினமும் தலையில் மாவுக் குண்டானும் இடுப்பில் தோசைக்கல்லுமாக ரோட்டைக் கடப்பவர்.

"இன்னா சார் உங்க சிக்னலு, காரு வந்தாத்தான் பச்ச காட்டுது? நாங்கள்லாம் மனுசங்க இல்லியா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. அது கம்ப்யூட்டர். பணக்காரன் ஏழைனு அதுக்குப் பாரபட்சம் தெரியாது."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாது சார், வெச்சவங்களுக்குத் தெரியுமில்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோபத்தில் நஷ்டம் எனக்குத்தான், அந்தச் சட்னி வேறெங்கும் கிடைக்காது.

மாதக் கடைசியில் பெட்டியிலிருந்து ஒரு பிரிண்ட் அவுட் எடுப்போம். குறுக்கு ரோட்டுக்கு எத்தனை தடவை, எந்த நேரத்தில் பச்சை கொடுத்தது என்ற பட்டியல். பார்த்தால் காலை நேரம் காலியோ காலி. ஒரே ஒரு வண்டி மட்டும் தினமும் ஏழு இருபதுக்கு டாணென்று வந்திருந்தது. முன்னே பின்னே இரண்டு நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. நான் அதை மேனேஜருக்குப் பெருமையாகக் காட்டினேன். "யாரோ பெரிய ஆபீசர் கார் சார். என்னா பங்சுவாலிட்டி பாருங்க! நம்ம ஸ்டாஃபும் இருக்காங்களே!" என்றேன். மறுநாள் லேட்டாக வந்த இரண்டு பேரை அந்தக் காரைக் காட்டித் திட்டியும் இருக்கிறேன்.

மேனேஜருக்கு அந்தப் பட்டியல் அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. "குறுக்கே போக ஆளே இல்லையேப்பா. அந்த இடைவெளியச் சுவர் வெச்சு மூடிட்டா மெயின் ரோடு வழுக்கிட்டுப் போகும். அடுத்த வாரம் வெளியூர்லேருந்து இஞ்சினியர்ங்க பாக்க வர்றாங்க, மேல ஓகே சொல்றது அவங்கதான், அவங்களுக்கும் காட்டலாம். நீ ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு" என்றார். நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தேன். 'குறுக்குச் சாலையில் நடமாட்டம் அறவே இல்லை. இடைவெளியை மூடலாம்.' கீழே என் கையெழுத்து.

சுவர் வரப்போகிறது என்று ஜங்ஷனில் நோட்டீஸ் ஒட்டினார்கள். காரணம் என்ற இடத்தில் என் வாக்கியம் அச்சு மாறாமல் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, அஞ்சலையம்மா மேலிருந்த கோபத்தைப் பசி ஜெயித்து, கடைக்குப் போனேன். பக்கத்தில் புங்கமரத்தடியில் கரீம் பாய் எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் யாரும் இல்லை. ஆளில்லாமல் அவர் எழுதி நான் பார்த்ததே கிடையாது.

"யாருக்கு பாய் மனு?"

"எனக்குத்தான் சார். இத்தினி வருசத்துல மொத மொதல்ல எனக்கு எழுதறேன். நீங்க படிச்சவங்க, ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க."

வாங்கிப் படித்தேன். இடைவெளியை மூடினால் அடுத்த இடைவெளி வெகுதூரம். அதுவரை மெயின் ரோட்டில் எதிரே வரும் பஸ்களை உரசிக்கொண்டு கையால் பெடல் சுற்றிப் போய், அந்தப் பக்கம் திரும்பி, அதே தூரம் வர வேண்டும். 'என் கைகளுக்கு அவ்வளவு வலு இல்லை. யாராவது தள்ளினால்தான் போக முடியும். இதுநாள்வரை நான் யாருடைய கையும் என் வண்டிமேல் படாமல் பிழைத்துவிட்டேன். அது போய்விடுமானால் நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன்' என்று எழுதியிருந்தார். கடைசியில் அவருடைய அந்த ஒரே ஒரு கேள்வி இருந்தது. 'நடமாட்டம் அறவே இல்லை என்று எழுதிய அலுவலர், எந்த நாளில், எந்த நேரத்தில் நேரில் வந்து பார்த்தார் என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

பிள்ளைகளே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். மனுவில் இட்லித் தட்டின் எண்ணெய் ஒட்டிக்கொண்டது.

"பாய்... அத எழுதனது நான்தான்."

"தெரியும் சார்" என்றார் அமைதியாக. "அதான் உங்க கைல குடுத்தேன்."

அஞ்சலையம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலோடு பூமிக்குள் போயிருக்கலாம். பாய் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அந்தப் பக்கம் வந்து நில்லுங்க சார். அப்பால நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்றார்.

போய் நின்றேன். ஏழு மணிக்கு இரண்டு பேர். ஏழு ஐந்துக்குப் பத்துப் பேர். பள்ளிக்கூடப் பெண்கள், தையல் வேலைக்குப் போகும் அக்காக்கள், பால் கேனோடு சைக்கிள்கள், அரசு ஆஸ்பத்திரிக்கு மாசச் செக்கப்புக்குப் போகிற ஒரு நிறைமாத கர்ப்பிணி, அவள் கூட அவள் மாமியார். எல்லோரும் எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டியவர்கள். ஓரத்தில் குடையோடு கரீம் பாய். பதினைந்து நிமிஷத்தில் சிறு கூட்டமே சேர்ந்துவிட்டது. என் புத்திசாலி சிக்னல் அசையவில்லை. மெயின் ரோடு பாட்டுக்குப் பஸ்ஸும் லாரியுமாக ஓடியது. இரண்டு பெண்கள் பொறுமை இழந்து கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு லாரி அலறிக்கொண்டே பிரேக் போட்டது.

"எப்பத்தான் போவீங்க?" என்று மாமியார்க்காரியைக் கேட்டேன்.

"அஞ்சல வரட்டுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏழு பத்தொன்பதுக்கு அஞ்சலையம்மா வந்தார். கூட்டம் வழிவிட்டது. நேராக ரோட்டில் கம்பி பதித்த தார்க்கோடு தெரிகிற இடத்துக்குப் போனார், இடுப்பிலிருந்த தோசைக்கல்லை எடுத்துக் கோட்டின்மேல் படுக்கவைத்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிக்னலை முறைத்தார். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஏழு இருபது. பச்சை விழுந்தது.

மொத்தச் சனமும் கடந்தது. நான் மட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்த ஆபீசர் கார்! ஞாயிற்றுக்கிழமை வராத, டாணென்று வருகிற, நான் ஸ்டாஃபைத் திட்டப் பயன்படுத்திய கார்! பருமனான, அகலமான பழைய இரும்புக்கல், கம்பிக்கு நேர் மேலே படுத்ததால் மந்தமான காதுக்கும் கேட்டுவிட்டது. ஒரு தோசைக்கல்லைக் காராகப் பார்த்த என் சிக்னல், பின்னால் நின்ற அத்தனை மனிதர்களையும் பார்க்கவில்லை. நான் அந்த சிக்னலை நம்பிக் கையெழுத்துப் போட்டவன்.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்கம்மா?" என்று பிறகு கேட்டேன்.

"ஒரு நாள் இடுப்பு வலிக்குதுனு கீழ வெச்சேன், பச்ச வந்துச்சு. சாமி செயலோனு நெனச்சேன். அப்பால மூணு நாள் வெச்சு வெச்சுப் பாத்தேன். கல்லு வெச்சா வருது, குண்டான் வெச்சா வரல."

நம் கம்பெனியில் அந்த மாதிரி ஓர் ஆய்வு யாரும் செய்யவில்லை, நான் உட்பட.

அன்றைக்கே மேனேஜருக்குப் போன் போட்டேன். ரிப்போர்ட் தப்பு, வாபஸ் வாங்குகிறேன் என்றேன். "இப்ப வந்து சொல்றியே! நாளைக்குக் காலைல அவங்க வர்றாங்க. இத பாரு, குறுக்கு ரோட்டுல ஒரு கார நிறுத்தி வை. அவங்க வந்தவுடனே பச்ச விழும், கை தட்டுவாங்க, போயிடுவாங்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "சரி சார்" என்றேன். பதினைந்து வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சாயங்காலம் வீட்டில் டிபன் தோசை. தட்டைப் பார்க்கவே முடியவில்லை. திருகைத் திருப்பி வைக்க எனக்கு அரை நிமிஷம் போதும். சைக்கிள்காரர்களுக்கு விமோசனம் கிடைக்கும். நடக்கிறவர்களுக்கு? வண்டிகளுக்குப் பயந்து கம்பி பக்கம் வராமல், ஓரத்தில் நிற்கிற பாய்க்கு? அவர்கள் கை தட்டிவிட்டுப் போனால் சுவர் வந்துவிடும். சுவர் வந்தபிறகு 'அப்புறம் பார்க்க' என்ன இருக்கும்? வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம் இருந்தது, மறைப்பானேன். பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். ஆனால் அந்த மனுவிலிருந்த கேள்வி உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு மேனேஜரும் வெளியூர் இஞ்சினியர்கள் ஏழெட்டுப் பேரும் வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களில் மூத்தவர் ஓர் அம்மாள், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, சிரிப்பே இல்லாத முகத்தோடு. நான் கும்பிட்டுச் சொன்னேன்: "முதல்ல டிபன் சாப்பிட்டுடலாம் மேடம். கடை எதிர்ப்பக்கம். இப்படியே கடந்து போயிடலாம்."

வேனை அனுப்பிவிட்டு அவர்களைக் கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்தினேன். பள்ளிக்கூடப் பெண்கள், பால் கேன்கள், கரீம் பாயின் குடை, பக்கத்தில் டை கட்டிய இஞ்சினியர்கள். ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. வெயில் சுள்ளென்று ஏறியது. ஒருவர் டையைத் தளர்த்தினார். மேனேஜர் என் காதருகே பல்லைக் கடித்தார்.

"கார் எங்கய்யா?"

"வரும் சார். ஏழு இருபதுக்கு."

வந்தது, அஞ்சலையம்மாவின் இடுப்பில். கல்லை வைத்தார், முறைத்தார், பச்சை விழுந்தது. ஆனால் யாரும் நகரவில்லை. கூலிங் கிளாஸ் அம்மாள் கல்லைப் பார்த்தார், சிக்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது என்ன?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திருகைத் திருகியது, நாற்காலியில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதியது, ஆபீசர் கார், எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல மேனேஜரின் காது பழுத்த மிளகாயாகிக்கொண்டு வந்தது. அப்போது கரீம் பாய் வண்டியை உருட்டிவந்து மனுவை நீட்டினார். அந்த அம்மாள் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு நின்றபடியே படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் உரக்கக் கேட்டார்: "எந்த நாளில், எந்த நேரத்தில் வந்து பார்த்தார்? யார் அந்த அலுவலர்?"

"நான்தான் மேடம். எந்த நாளும் வந்து பாக்கல."

அந்தச் சிரிக்காத முகம் உடைந்து சிரித்தது பாருங்கள், தோள் குலுங்கக் குலுங்க! கூட வந்தவர்களும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜரும் சிரித்தார். "சுவரெல்லாம் வேண்டாம். நடக்கிறவங்களுக்கு ஒரு பட்டன் வைங்க, முதல்ல அதைச் செய்யுங்க" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டு, "இப்ப தோசை சாப்பிடலாமா?" என்றார். அதற்குள் பச்சை போய்விட்டது. அஞ்சலையம்மா முணுமுணுத்துக்கொண்டே கல்லை இன்னொரு தடவை வைத்தார்.

எனக்கு மெமோ வந்தது. 'மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்கு விளக்கம் தருக.' விளக்கத்தைக் கரீம் பாயே எழுதிக் கொடுத்தார், ஒரே பக்கத்தில். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். பட்டனை நானே முன்னின்று பொருத்தினேன், மஞ்சள் பெயிண்ட் அடித்தேன், பாயைக் கூப்பிட்டு "அழுத்துங்க பாய்" என்றேன். அவர் வண்டியில் உட்கார்ந்தபடி கையை நீட்டினார். எட்டவில்லை. என் நெஞ்சு உயரத்துக்கு வைத்திருந்தேன். பாய் பட்டனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இதுக்கும் ஒரு மனு எழுதட்டா?" என்றார். கழற்றிக் கீழே வைத்தோம். கடப்பதற்கான நேரத்தையும் நான் என் நடைக்குக் கணக்குப் போட்டிருந்தேன். பாயை ரோட்டோரம் ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். அந்த நேரத்துக்குள் அவர் நடு மேட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். அதையும் மாற்றினோம். இந்த முறை திருகைத் தொட்டதை நோட்டில் எழுதி, தேதி போட்டு, காரணமும் போட்டேன்.

தங்கை, உன் திரையில் இருக்கும் அந்தக் குறுக்கு ரோட்டை மூடலாமா கூடாதா என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. நிஜமாகவே ஆள் இல்லாமலும் இருக்கலாம். நீ கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் காலையில் போய் அங்கே நில். நின்று பார்த்தபின் மூடலாம் என்று உனக்குத் தோன்றினால் தாராளமாக எழுது. அந்தத் திரைக்கு எது தெரியும், எது தெரியாது என்பதையும் மேலே ஒரு வரி எழுது. யாராவது உன்னிடம் வந்து உன் சிக்னல் கார் வந்தால்தான் பச்சை காட்டுகிறது என்று சொன்னால், என்னை மாதிரி தோசையை வைத்துவிட்டு எழுந்து போய்விடாதே. அவர்தான் உன்னைவிட அந்த சிக்னலை அதிகம் பார்க்கிறவர்.

பட்டன் சரியாக வேலை செய்த முதல் நாளைச் சொல்லிவிடுகிறேன். ஏட்டையா தேரடியிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார், வாயில் ஏலக்காயோடு. அன்றைக்குப் பார்த்து அஞ்சலையம்மா லேட். யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பாய் பட்டனை அழுத்தினார். மெயின் ரோட்டுக்குச் சிவப்பு விழுந்தது. பஸ்கள் வரிசையாக நின்றன. சனம் கடக்கத் தொடங்கியது, பாயும் கிளம்பினார், நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். நடு மேடு வந்ததும் வண்டி திணறியது. பாழாய்ப்போன என் கை, நான் சொல்லாமலே போய் வண்டியின் முதுகில் உட்கார்ந்துவிட்டது.

"கைய எடுங்க சார்."

எடுத்துவிட்டேன். அங்கேயே நின்றுகொண்டேன். ஒரு பஸ்காரர் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தார். பாய் திரும்பவில்லை. ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறு கையை உயர்த்தி, ஏட்டையா காட்டுவது போலவே, உள்ளங்கையை அந்த பஸ்ஸுக்கு நேராகக் காட்டினார். ஹாரன் அடங்கியது. மேட்டில் ஏறி, இறங்கி, எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து, குடையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்த்தார். பச்சை இன்னும் மிச்சம் இருந்தது.